சியாமென்: கப்பலேறிப் போனவர்களின் ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சியாமென் பற்றிய பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை குலாங்யூ தீவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். படகேறு, பழைய பங்களாக்களைப் பார், படம் எடு, திரும்பப் படகேறு. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பங்களாக்களைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது, கட்டியவர்கள் எந்தக் கிராமத்திலிருந்து எதற்காகக் கப்பலேறினார்கள் என்று தெரியாமல் பார்த்தால், அவை வெறும் அழகான சுவர்கள்தாம். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் கொஞ்சம் மொழி, அடுத்து ஜீமேய், பிறகு சந்தையும் சாப்பாடும், அதன்பின் ஹாய்சாங் கிராமங்கள். குலாங்யூவுக்கு அதற்குப் பிறகுதான் முறை.

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாகாணத்தில், தைவானுக்கு எதிரே இருக்கும் தீவு நகரம் இது. ஆங்கிலேயர் அமோய் என்றார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வளர்ந்த தமிழர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் ஊரின் குரல் தெரியும். கடைத்தெருவில் காதில் விழுந்துகொண்டே இருந்த ஹொக்கியன் இந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

1. வரைபடத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்

சியாமென் என்று சொன்னால் மூன்று பொருள் வரும். ஒன்று, பெரிய தீவு. விமான நிலையம், பழைய கடைத்தெரு, பல்கலைக்கழகம் எல்லாம் அங்கே. இரண்டாவது, அதன் தென்மேற்கு ஓரத்தில் ஒட்டினாற்போல் கிடக்கும் குலாங்யூ. 2 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத குட்டித் தீவு. மூன்றாவது, நிர்வாகக் கணக்கில் சியாமெனைச் சேர்ந்த, ஆனால் பெருநிலத்தில் இருக்கும் வட்டாரங்கள்: வடக்கே ஜீமேயும் தோங்ஆனும், மேற்கே ஹாய்சாங், கிழக்கே சியாங்ஆன். எல்லாம் சேர்ந்து மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேல்.

1955 வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் படகுதான். அந்த ஆண்டு கடலில் கல் கொட்டி ஜீமேய் பக்கம் ஒரு தரைப்பாலம் போட்டார்கள். 1991-ல் பாலம் வந்தது, 2010-ல் கடலுக்கடியில் சாலைச் சுரங்கம். இப்போது மெட்ரோவே கடலைத் தாண்டிப் போகிறது.

கிழக்கே பார்த்தால் கின்மென் தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும். அது தைவான் ஆட்சியில் இருக்கிறது. 1958-ல் இரண்டு கரையும் மாறி மாறிப் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. இப்போது அரைமணி நேரப் படகு. ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். அங்கே போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் திரும்பி உள்ளே வர முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குத் தைவானுக்குள் நுழையத் தனி அனுமதியும் வேண்டும்.

2. தாள், காசு, போன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். விதிகள் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடுமுன் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சென்னைக்காரர்களுக்கும் அந்த வழிதான் வசதி.

ஹோட்டலில் தங்கினால் அவர்களே போலீஸில் பதிந்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ப் பதியவேண்டும்.

அலிபேயையும் வீசேட்டையும் ஊரிலேயே போனில் இறக்கி, விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துக்கொண்டு போங்கள். இளநீர்க்காரர்வரை எல்லாரும் கியூஆர் குறிதான் காட்டுவார்கள். கூகுளும் வாட்ஸாப்பும் அங்குள்ள இணையத்தில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஓடும்.

காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை அருமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிப் பருவம். 2016 செப்டம்பரில் மெராந்தி வந்து நகரின் மரங்களைப் பெருவாரியாகச் சாய்த்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் பனிமூட்டத்தால் படகை நிறுத்திவைப்பார்கள். ஜூன் வாக்கில் தெரு முழுக்கச் செம்மயிற்கொன்றை பூத்திருக்கும். அதுதான் நகர மரம். நகரப் பூ காகிதப்பூ. நம்மூர்க் கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது.

3. ஹொக்கியனைக் காதுக்குப் பழக்குங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஹொக்கியன் இல்லாமலும் சியாமெனில் சமாளிக்கலாம். பள்ளி, அலுவலகம், மெட்ரோ எல்லாம் மாண்டரின்தான். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆன பிறகு உள்மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். டாக்சி ஓட்டுநர் பல சமயம் வெளியூர்க்காரர். இருபது வயதுக்காரர்களில் பலர் பாட்டி பேசினால் புரியும், பதில் மாண்டரினில்தான் வரும் என்ற நிலையில் இருக்கிறார்கள். ஆனால் சந்தையில், கோயில் திண்ணையில், பார்க்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கிழவர்களிடம் ஊர்ப் பேச்சு உயிரோடு இருக்கிறது. பல பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை அந்தப் பேச்சிலும் சொல்வார்கள். வரப்போகிற நிறுத்தம் எது என்று தெரிந்துகொண்டே கேட்கலாம் என்பதால் இதைவிட மலிவான பாடம் கிடையாது.

அமோய்ப் பேச்சு இரண்டு ஊர்களின் கலவை. வடக்கே சுவான்ஜோ, மேற்கே ஜாங்ஜோ. நடுவில் முளைத்த துறைமுகத்தில் இரண்டும் கலந்தன. அதனால்தான் பினாங்குக்காரர் சியாமெனில் பேசினால் புரிந்துகொள்வார்கள், ஆனால் சிரிப்பார்கள். பினாங்குப் பேச்சு ஜாங்ஜோ பக்கம் சாய்ந்தது. முட்டைக்கு அங்கே மூக்கில் 'நூய்', இங்கே 'ந்ங்'. மணிலாச் சீனர்களின் பேச்சு சுவான்ஜோ பக்கம். சிங்கப்பூர்ப் பேச்சு அமோய்க்கு நெருக்கம். காசு விஷயம்: பினாங்கில் பணம் என்றால் 'லூய்', மலாயிலிருந்து வந்த சொல். சியாமெனிலும் அது புழங்குகிறது. 'சீ' என்று மூக்கால் சொன்னாலும் சரி.

தமிழ் வாய்க்கு எது சுலபம், எது கஷ்டம் என்று பார்ப்போம்.

சுலபமானது மூக்கொலி. ஆங்கிலேயர் திணறும் இடத்தில் நமக்குப் பிரச்சினையே இல்லை. 'நான் வரேன்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்' முழுசாக வராமல் மூக்கோடு கரைந்துவிடுகிறது அல்லவா, அதேதான். மூன்று என்பதற்கு 'ஸான்' என்று எழுதிக்கொண்டு, 'வந்தான்' என்பதன் கடைசி ஒலியைப்போல் முடியுங்கள். கச்சிதமாக இருக்கும்.

கஷ்டம் இரண்டு. முதலாவது, ஹொக்கியனில் ப மூன்று வகை: 'பால்' என்பதன் ப, 'பஸ்' என்பதன் ப, இந்தியில் மூச்சுவிட்டுச் சொல்லும் ப. மூன்றும் மூன்று சொல்லாகிவிடும். ச-வுக்கும் இதே கதை. ஒன்று 'சித்', ஏழும் 'சித்'. ஏழில் மட்டும் மூச்சுக்காற்று சேர்ந்து வரும், சுரமும், அதாவது குரலின் உயரமும், தாழும். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். மீன்காரம்மா ஒரு யுவான் சொன்னாரா ஏழு யுவான் சொன்னாரா என்று சந்தேகம் வந்தால், அவர் கையைப் பாருங்கள்; விலை சொல்லும்போது விரலும் காட்டுவார்கள்.

இரண்டாவது கஷ்டம் சொல் முடிவு. பத்து என்பது 'சாப்'. ஆறு 'லாக்'. நாம் பழக்கதோஷத்தில் 'சாப்பு', 'லாக்கு' என்று ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். 'சாப்'பில் உதட்டை மூடி, 'லாக்'கில் நாவின் பின்பக்கத்தால் அடைத்து அங்கேயே நிறுத்துங்கள், திறக்காதீர்கள்.

சுரங்கள் ஏழு. அதோடு முடிந்தால் பரவாயில்லை. சொல் தொடரில் வரும்போது கடைசி அசையைத் தவிர மற்ற அசைகளெல்லாம் வேறு சுரத்துக்கு மாறிவிடும். இதைச் சூத்திரமாகப் படிக்க உட்கார்ந்தால் ஊரைப் பார்க்க முடியாது. முழு வாக்கியத்தை ஒரு பாட்டு வரிபோல் மனப்பாடம் செய்வதே வழி. போதுமானவை இவை:

'லீ ஹோ', வணக்கத்துக்கு. 'சியா பா புவே?', சாப்பிட்டாச்சா என்று நலம் விசாரிக்க. பதில் 'சியா பா ஆ'. 'குவா சுவே சீ?', எவ்வளவு என்று கேட்க. 'தியா போ', புரியவில்லை (இந்தப் 'போ'வில் வருவது 'பஸ்' ப). 'தோ சியா', நன்றி. பினாங்கில் பழகிய 'கம் சியா'வும் புரியும். சைவக்காரர்கள் 'சியா சாய்' என்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்று பொருள்படும்.

எழுத்து வேண்டும் என்கிறவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் உருவாக்கிய ரோமன் எழுத்துமுறை இருக்கிறது. 'பெ உவே ஜி' என்பார்கள். கார்ஸ்டேர்ஸ் டக்லஸ் 1873-ல் வெளியிட்ட அமோய் அகராதி அந்த எழுத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் படமாகக் கிடைக்கும். இன்றும் புரட்டத் தகுந்தது.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு முன்பாடம் உண்டு. தெலுக் ஆயர் தெருவில் தியான் ஹொக் கெங் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். பத்திரமாகக் கரை சேர்ந்த ஹொக்கியன்காரர்கள் கடல் தெய்வம் மாஸுவுக்கு 1842-ல் கட்டி முடித்தது. அதற்கு ஒரு பக்கம் நாகூர் தர்கா, மறுபக்கம் குச்சுப் பள்ளி. இரண்டும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவை. அந்தக் காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. இரண்டு நாட்டுக் கப்பல்களிலும் வந்தவர்கள் இறங்கிய கையோடு நன்றி சொன்ன இடம்.

4. ஜீமேய்: முதல் நாளே போங்கள்

மெட்ரோ முதல் தடத்தில் ஏறி ஜீமேய் கல்விக் கிராமம் நிறுத்தத்தில் இறங்கவேண்டும். தீவை விட்டதும் ரயில் தரைக்கு மேலே வந்து கடலை ஒட்டி ஓடும். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். அந்தச் சில நிமிடத்துக்காகவே உள்ளூர்க்காரர்களும் ஏறுவதுண்டு.

ஜீமேய், டான் கா கீ பிறந்த கிராமம். சிங்கப்பூர் மெட்ரோவில் அவர் பெயரில் நிலையம் இருப்பதால் பெயர் பழக்கமாக இருக்கும். 1874-ல் பிறந்தவர், 16 வயதில் அப்பாவின் அரிசிக் கடைக்கு உதவியாகச் சிங்கப்பூர் போனார். அன்னாசிப் பழத்தை டின்னில் அடைத்து விற்றார், ரப்பர் பயிரிட்டார், ரப்பர் செருப்பிலிருந்து டயர்வரை செய்தார். சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பினார். 1913-ல் ஜீமேயில் ஒரு தொடக்கப்பள்ளி. அதிலிருந்து ஆசிரியர் பயிற்சி, கடல்தொழில், வணிகம் என்று கிளை பிரிந்து ஒரு பள்ளி நகரமே உருவானது. 1921-ல் சியாமென் பல்கலைக்கழகம். உலகப் பொருளாதாரம் விழுந்து, 1934-ல் அவருடைய கம்பெனி மூடப்பட்டது. அதற்குள் பல்கலைக்கழகச் செலவுக்குச் சொத்துகளை விற்றிருந்தார். ஜப்பானுடனான போர்க்காலத்தில் நான்யாங் (தென்கிழக்கு ஆசிய) சீனர்களின் நிவாரண நிதிக்குத் தலைமை தாங்கினார். சீனாவுக்குப் போர்ச் சரக்கு போன பர்மா சாலையில் லாரி ஓட்ட 3,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து திரட்டி அனுப்பியதும் அவரே.

பள்ளிக் கட்டடங்களைப் பார்க்கும்போது தலையை நிமிர்த்துங்கள். உடம்பு ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும். கூரை மட்டும் ஃபூஜியான் கோயில் பாணியில் முனை மேலே வளைந்தது. இதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கடலோரத்தில் இருக்கும் ஆவ் யுவானில் அவருடைய சமாதி. நுழைவு நடைபாதையின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய காட்சிகள். சுவரோரம் மெதுவாக நடந்தால் புராணப் போர்களுக்கு நடுவே பள்ளிப் பாடக் காட்சிகளும் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமாக இருக்கட்டும் என்று கல்லில் அடித்துவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அவருடைய பழைய வீடு. எளிமை கொஞ்சம் ஆச்சரியப்படுத்தும்.

மறுநாள் தீவில் சீமிங் தெற்குச் சாலையில் உள்ள வெளிநாட்டுச் சீனர் அருங்காட்சியகம். இதையும் தொடங்கியவர் டான் கா கீ, 1959-ல் திறந்தது. பயணத்தில் ஓர் அருங்காட்சியகம்தான் பார்ப்பேன் என்றால் இதையே பாருங்கள். ஊர் எப்படி ஆள் அனுப்பியது என்ற கதை இங்கே தெளிவாகும். 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் அமோய் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கியூபாவுக்கும் பெருவுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ஆள் பிடிப்பவர்கள் ஏமாற்றியும் கடத்தியும் அடைத்துவைத்த கொட்டடிகளுக்குப் பன்றிக்குட்டிக் கிடங்கு என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 1852-ல் ஆத்திரம் பொங்கிக் கலவரமே வெடித்தது. பிற்பாடு போனவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர், பினாங்கு, மணிலா, ஜாவா, ரங்கூன் என்று உறவுக்காரர் இருந்த இடத்துக்குத் தாங்களாகவே போனவர்கள். கடல் கடப்பதற்கு இருந்த அரசுத் தடையை 1893-ல்தான் முறையாக நீக்கினார்கள். அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போயிருந்தார்கள்.

வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய சியாவ்பீ என்ற கடிதங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். பணமும் கடிதமும் ஒரே உறையில். உறையின் மேலேயே எவ்வளவு டாலர் என்று எழுதியிருக்கும். கடிதம் சுமக்கும் ஆள் கிராமத்து வீட்டுக்கே வந்து கொடுத்து, எழுதத் தெரியாத அம்மாவுக்கு அங்கேயே பதிலும் எழுதி வாங்கிப் போவார். இந்தக் கடிதங்களை 2013-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சியாமென் பல்கலைக்கழக வளாகம் அழகானது, ஆனால் முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள். நாள் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம்.

5. சந்தை, சாப்பாடு

எட்டாம் சந்தைக்குக் காலையில் போங்கள். சோங்ஷான் சாலையில் 1920-களில் கட்டிய, கீழே நடைபாதை விட்டு மேலே வீடு கட்டிய கடைவரிசைகள் வழியாக நடந்தே சேரலாம். அந்த வரிசைகளைப் பார்த்ததும் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் சிங்கப்பூரும் நினைவுக்கு வரும், இரண்டு பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டியதுதான். சந்தைக்குள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பெண்கள் சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள். இடக்கையில் சிப்பி, வலக்கையில் குட்டையான கத்தி. மூட்டில் ஒரு குத்து, ஒரு திருப்பு, சதை கிண்ணத்தில், ஓடு காலடியில். தரை எப்போதும் ஈரம். நல்ல செருப்பு வேண்டாம்.

கட்டாயம் சாப்பிடவேண்டியது சாச்சா மியென் என்ற நூடுல்ஸ். கடை முகப்பில் தட்டுத் தட்டாகத் தோஃபு, கணவாய், ஈரல், மீன் உருண்டை, முளைப்பயறு எல்லாம் இருக்கும்; வேண்டியதைக் கை காட்டவேண்டியதுதான். நூடுல்ஸைக் கம்பிக் கரண்டியில் போட்டுக் கொதிநீரில் முக்கி எடுத்து, மேலே செம்மஞ்சள் நிறச் சாற்றை ஊற்றுவார்கள். நிலக்கடலையும் மிளகாயும் காய்ந்த இறாலும் சேர்ந்த அந்தச் சுவை சீனச் சமையலில் பிறந்ததல்ல. மலாய் சத்தேயின் குழம்பு, நான்யாங்கிலிருந்து திரும்பியவர்களோடு வந்தது. காரம் நமக்கு மிதம்தான்.

சிப்பி ஆம்லெட்டும் நன்றாக இருக்கும். துசுன்தோங் என்ற கண்ணாடிபோன்ற கட்டியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பது கடல்மண்ணில் வாழும் புழு. கடுகும் பூண்டும் சேர்த்துச் சாப்பிட்டால் சுவைதான், தெரியாமல் கடித்தால்தான் அதிர்ச்சி.

சைவக்காரர்களுக்கு நான்புதுவோ கோயிலின் உணவகம் இருக்கிறது. பௌத்தச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டுகூட இராது. சாச்சாவில் இறால் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

நடு இலையுதிர்கால விழா வாரத்தில் போனால் எங்கு பார்த்தாலும் பீங்கான் கிண்ணத்தில் பகடை விழும் சத்தம் கேட்கும். போபிங் என்ற ஆட்டம். ஆறு பகடை, 63 நிலாப் பணியாரம், பழைய சீன அரசுத் தேர்வின் முதலிடம் முதல் கடைசிவரை ஆறு படிநிலைப் பரிசு. நான்கு புள்ளி சிவப்பாக இருக்கும். அது எத்தனை விழுகிறது என்பதே ஆட்டம். டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து 1662-ல் விரட்டிய செங் செங்கோங்கின் படைவீரர்கள் வீட்டு ஏக்கம் தீர ஆடியது என்று ஊர்க்கதை. இப்போது பணியாரத்துக்குப் பதில் சோப்பு, துண்டு, சமையல் எண்ணெய். யாராவது கூப்பிட்டால் தயங்காமல் உட்காருங்கள். பகடை கிண்ணத்துக்கு வெளியே தெறித்தால் உங்கள் முறை போச்சு, அவ்வளவே விதி.

6. ஹாய்சாங்: பினாங்குக்காரர்கள் தவறவிடக்கூடாதது

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கூ கொங்சியைப் பார்க்காத ஆள் இருக்கமாட்டார். 1906-ல் முடிந்த அந்த ஆடம்பரக் குலக்கோயிலின் சொந்தக்காரர்கள் புறப்பட்ட கிராமம் ஹாய்சாங்கில் இருக்கிறது. இன்றைய பெயர் சின்ஆன். சியா, இயோ குலத்தாரின் கிராமங்களும் இதே வட்டாரத்தில்தான். சுற்றிலும் தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நெருக்கியடிக்க, இடையிடையே செங்கல் சுவரும் வளைந்த கூரையும் உள்ள குல மண்டபங்கள். பர்மா, மலாயாப் பணத்தில் எழுந்து, இப்போது காவலாள் மட்டும் இருக்கும் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தெருக்களில் விளக்கமே தேவைப்படாது. டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது. பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், சாவி வைத்திருப்பவர் வருவார், அல்லது வரமாட்டார்.

குடும்ப வேர் தேடிப் போகிறவர்களுக்குச் சில வழிகள். மலாயாவில் சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்தது ஊரறிந்த விஷயம். கலப்பு மணங்களும் நிறைய. ஆகவே இதைப் படிக்கும் சிலருக்கு இது நண்பருக்காகச் செய்யும் உதவி மட்டுமல்ல, சொந்தப் பாட்டியின் கதையாகவும் இருக்கலாம். முதலில் குலப்பெயரை மாண்டரினுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டான் அங்கே சென், லிம் லின், கூ சியூ, சியா சியே, ஓங் வாங், கோ வூ, சுவா சாய். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை வைத்துச் சியாமெனில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சீன எழுத்து வேண்டும். அது கிடைக்கும் நம்பகமான இடம் கல்லறை. பழைய கல்லறைக் கற்களில் இறந்தவர் பெயரோடு சொந்த வட்டாரத்தின் பெயரும் பொறித்திருப்பார்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் தோங்ஆன் என்று இருந்தால் அது இன்றைய தோங்ஆன் மட்டும் அல்ல. பழைய தோங்ஆனில் ஜீமேய், சியாங்ஆன், சியாமென் தீவு, கின்மென்கூட அடக்கம். கிராமப் பெயரும் சேர்ந்து இருந்தால்தான் ஊரைச் சுட்டிக்காட்ட முடியும். குல மண்டபத்தில் வம்சாவளிப் புத்தகம் கேட்கும்போது, ஒரே தலைமுறையில் பிறந்தவர்களுக்குப் பெயரில் பொதுவாக ஓர் எழுத்து வரும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். புத்தகத்தில் தேடுவது சட்டென்று சுருங்கிவிடும். பெண்களின் பெயர் பழைய புத்தகங்களில் பெரும்பாலும் இருக்காது. பாட்டியைத் தேடினாலும் அவருடைய அப்பா, அண்ணன் பெயரோடு போங்கள்.

7. இப்போது குலாங்யூ

பகலில் வெளியூர்க்காரர்களுக்கான படகு, சோங்ஷான் சாலைக்கு எதிரே உள்ள பழைய படகுத்துறையிலிருந்து அல்ல, வடக்கே கப்பல் முனையத்திலிருந்து கிளம்பும். பழைய துறை பகலில் தீவுவாசிகளுக்கு. தெரியாமல் அங்கே போய் வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் தினமும் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் டிக்கெட் இல்லை. தீவுக்குள் விடும் எண்ணிக்கைக்கு நாள்வரம்பு இருப்பதால் விடுமுறை நாட்களில் முன்னதாகவே தீர்ந்துவிடும். முடிந்தால் முதல் படகைப் பிடியுங்கள்.

காரும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. சாமான்களை ஆள் இழுக்கும் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோவார்கள். மேட்டில் வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

1903 முதல் இந்தத் தீவு பன்னாட்டுக் குடியிருப்பாக இருந்தது. தூதரகங்கள், தேவாலயங்கள் என்று வெள்ளைக்காரர் கட்டியவற்றை வழிகாட்டிகள் நீட்டி முழக்குவார்கள். எனக்கு அவற்றைவிட, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் 1920-களில் கட்டிய வீடுகள்தாம் முக்கியம். தலைச்சுமை வியாபாரியாக ஜாவாவில் தொடங்கிச் சர்க்கரை வணிகத்தில் கொழித்த ஹுவாங் யீஜூ 1919-ல் திரும்பி வந்தார். மாளிகை கட்டினார், சியாமெனுக்குக் குடிநீரும் தொலைபேசியும் வரப் பணம் போட்டார். பிலிப்பைன்ஸ் காசில் எழுந்த ஹாய்தியான் தாங்கோவ் மாளிகையின் நடுக்கட்டடத்தில், மேற்கத்தியச் சுவரின்மேல் சீனக் கூரை உட்கார்ந்திருக்கும். ஜீமேயைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியும். 2017-ல் யுனெஸ்கோ தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சூரிய ஒளிப் பாறை ஏறக் கால் வலுவிருந்தால் ஏறுங்கள். கூட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

8. மிச்சம் ஒரு நாள் இருந்தால் சுவான்ஜோ

அதிவேக ரயிலில் அரைமணி நேரம் சொச்சம். கையில் நாலே நாள்தான் என்றாலும், குலாங்யூவைச் சுருக்கிக்கொண்டு இங்கே போகச் சொல்வேன். இந்தக் கரையிலிருந்து கிளம்பியவர்களைப் பார்த்தாயிற்று. இங்கே நம்மவர்கள் கிழக்கே வந்து சேர்ந்த தடம் இருக்கிறது. கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் நேராகப் போங்கள். அங்கே பதினாறு பட்டை போட்ட இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கிருஷ்ணரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடிந்துபோன ஒரு சிவன் கோயிலிலிருந்து வந்த கற்கள். முன்பக்க மேடையைச் சுற்றி மனிதமுகச் சிங்கங்களின் வரிசை, குனிந்தால்தான் தெரியும்.

அந்தக் கோயிலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு 1956-ல் கிடைத்தது. சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது கி.பி. 1281, சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய ஆட்சியாளரான கானின் திருமேனி நலத்துக்காகத் திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று சொல்கிறது. நகரின் கடல்வழி அருங்காட்சியகத்தில் மற்ற இந்துச் சிற்பங்கள் இருக்கின்றன. கூடவே பல மதத்தாரின் கல்லறைக் கற்களும். திங்கட்கிழமை சீனாவில் பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ரயில் டிக்கெட்டும் கடவுச்சீட்டில்தான் பதிவாகும். தானியங்கி வாயில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போங்கள், அதற்கென்று பதினைந்து நிமிடம் முன்னதாக நிலையத்தில் இருங்கள்.